பெற்றோரிடம் தெரியாத பரம்பரை

பக்கவாதம் போன்ற இரத்தக்குழாய் நோய்கள் உப்பு, கொழுப்பு, புகை, முதுமை ஆகியவற்றால் மட்டுமே வருபவை என்றும், பரம்பரை நோயாயின் தாய் தந்தையரில் ஒருவருக்காவது அது இருந்திருக்க வேண்டும் என்றும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டால் எந்த நோயும் அண்டாது என்றும் ஒரு கருத்து, மரக்காணத்து உப்பளக் குடியிருப்புகள் முதல் இயற்கை உணவைப் போற்றும் ஆரோவில் வரை பரவலாக நிலவுகிறது.

முதற்கூற்று முதியோருக்குப் பெரும்பாலும் பொருந்தும். உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் 2014இல் அமெரிக்க, இஸ்ரேலிய ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகள், சிறு வயதிலேயே பக்கவாதம் கண்ட குழந்தைகளிடம் ஏடிஏ2 என்னும் நொதிக்கான மரபணு பழுதுற்றிருந்ததைக் காட்டின. வெள்ளணுக்களில் சிலவகை சுரக்கும் இந்நொதி குறைந்தால், கிருமிகளை விழுங்கும் அணுக்கள் காரணமின்றிச் சீற்றமடைந்து, இரத்தக்குழாயின் உட்சுவரை அழற்சியால் சிதைக்கின்றன. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், கால்களில் வலைபோல் படரும் ஊதா நிறக் கோடுகளும் அதன் வெளி அடையாளங்கள்.

இரண்டாம் கூற்றே மிகுந்த கேடு விளைப்பது. இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதுற்ற பெற்றோர் பொதுவாக நலமாகவே இருப்பர். இருவரும் அத்தகையவராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் இரத்த உறவில் மணந்தவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் தமிழ்நாட்டில், மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே பாட்டியிடமிருந்து அப்பழுதைப் பெற்றிருக்கக்கூடும். அதற்காக உறவுமணத்தின் மேல் மட்டும் பழிபோடுவதும் சரியாகாது. கோத்திரம் விலக்கி மணக்கும் வடநாட்டு அகர்வால் சமூகத்திலும் இந்நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டுள்ளனர். சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தால், சொந்தம் விட்டுப்போனாலும் பழுது விட்டுப்போவதில்லை.

எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய கூற்றோ நோயைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. இக்குழந்தைகளிற் சிலருக்கு எதிர்ப்பொருள் குறைந்து தொற்று வருகிறது. அதே உடலில் அழற்சி மிகுந்து குழாய்கள் புண்படுகின்றன. எனவே மருத்துவர்கள் டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசிமருந்துகளைத் தருகின்றனர். அவற்றால் பக்கவாதம் திரும்புவது வெகுவாகக் குறைந்துள்ளது. மாறாக, வழக்கமான பக்கவாதத்துக்குத் தரப்படும் ஆஸ்பிரின் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், இந்நோயில் அதனைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர்.