கூலி வாங்கினால் குற்றமா?

அறிவு பொதுச்சொத்து என்று மேடையில் முழங்குவது எளிது. அவ்வறிவை ஏழையொருவன் தன் பிழைப்புக்குப் பயன்படுத்த முற்படும்போதுதான் அம்முழக்கத்தின் உண்மை புலப்படும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கிற்று. அரசாங்கத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு வழங்குகின்றது. ஆயினும், தெமோதரையிலும் பதுளையிலும் அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில் மட்டும் வந்து சேர்வதை இன்றும் காண்கின்றோம். தோட்டத் தொழிலாளியும் மரக்கறி விவசாயியும், கூலி பெற்று அதனைப் படித்துச் சொல்லும் மனு எழுதுவோரையும் தட்டெழுத்தாளரையுமே நாட வேண்டியுள்ளது.

இவர்களுக்குக் கைகொடுக்கவல்ல மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இன்று உள்ளன. 2022இல் மெற்றா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் 200 மொழிகளுக்கான மாதிரியொன்றை வெளியிட்டனர். அதில் தமிழும் உண்டு, சிங்களமும் உண்டு, வர்த்தகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனையும் உண்டு. 2023இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக் குழு வெளியிட்ட மாதிரிக்கு இத்தடை இல்லை. ஆனால், அது இந்திய அரசியலமைப்பின் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்காக ஆக்கப்பட்டது. சிங்களம் அதில் இல்லை. தடையற்றது நமக்கு உதவவில்லை. உதவுவதோ தடையோடு வருகின்றது.

வர்த்தகம் என்பது யாது? வர்த்தக இலாபத்தையோ பண ஊதியத்தையோ முதன்மை நோக்காகக் கொண்ட பயன்பாடு என்கிறது அந்த உரிமம். அப்படியானால், கடிதமொன்றுக்கு நூறு ரூபாய் பெறும் தட்டெழுத்தாளர் வர்த்தகரா? சந்தாப் பணத்தில் சம்பளம் பெறும் தொழிற்சங்க எழுதுவினைஞர் வர்த்தகரா? பெருங்கம்பனிக்குச் சட்டத்தரணிகள் உளர்; அது தனி ஒப்பந்தம் செய்துகொள்ளும். சிறியவனோ வழக்குக்கு அஞ்சி விலகி நிற்பான். யானையைத் தடுக்க இட்ட வேலி ஆட்டுக்குட்டியையே தடுக்கின்றது.

தம் உழைப்பைக் கம்பனிகள் கவர்ந்து விற்றுவிடும் எனப் பல்கலைக்கழகத்தார் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. எடுத்துத் திருத்தி விற்பவன், தன் திருத்தத்தையும் அதே உரிமத்தில் வெளியிடல் வேண்டும் என விதிக்கலாம். 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கையர் ஆக்கிய 'சஹானா' அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் திறந்த உரிமத்துடனேயே வெளிவந்தது. 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அதனால் அதன் பெருமை குன்றியதா?

1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை பொதுப்பணத்தில் அமைந்தது. தெமோதரை வளைவிலே தேயிலைப் பெட்டியும் சென்றது, தொழிலாளியும் சென்றான். வியாபாரத்துக்குப் போகிறவனுக்குச் சீட்டு இல்லையென எவரும் கூறினாரில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கும் மென்பொருள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் வழங்கும்போதே உரிமத்தின் நிபந்தனையையும் அரசாங்கம் வகுத்தல் வேண்டும். தடை தவிர்க்க முடியாததாயின், கூலிக்கு எழுதுவோர், கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியோர் அதற்கு உட்படார் என ஐயமற எழுதுதல் வேண்டும்.

தமிழில் கடிதம் அனுப்பும் கடமை அரசாங்கத்தினுடையது. அதனை எந்த மென்பொருளும் நீக்கிவிடாது. அக்கடமை நிறைவேறும்வரை, மக்களுக்குப் பொருள் சொல்லிப் பிழைப்பவனின் கையைக் கட்டாதிருப்பதே நீதி.