நகர வளர்ச்சியும் நியாயமான கட்டணமும்

புதிய கட்டடங்களை எழுப்புவோரிடம் வசூலிக்கப்படும் வளர்ச்சிக் கட்டணங்களைக் காலத்திற்கேற்பத் திருத்த வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. வீட்டு விலை ஏறிவிடும், ஏழைகள் தெருவில் நிற்பர் என்று கட்டட முதலாளிகள் ஓலமிடுகின்றனர். கஜானாவில் பணமில்லை, உயர்த்தாமல் தீராது என்று அதிகாரிகள் சாதிக்கின்றனர். இருவருக்கும் நடுவே நிற்கும் பொதுஜனங்களோ, தாங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. இக்கட்டணம் எதன் பொருட்டு வாங்கப்படுகிறது? யார் கையில் சேருகிறது? எங்கே செலவாகிறது? இவையே முதலில் தீர வேண்டிய விஷயங்கள்.

நூறு குடும்பங்கள் வசிக்கத்தக்க மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தால், அவற்றுக்குக் குடிநீர் வேண்டும். கழிவுநீர் செல்ல வழி வேண்டும். மழைநீர் வடிய வாய்க்கால் வேண்டும். பாதையும் பள்ளிக்கூடமும் பூங்காவும் வேண்டும். இச்செலவில் ஒரு பங்கைக் கட்டடத்தை விற்று லாபம் பெறுபவர் ஏற்காவிட்டால், பக்கத்துத் தெருவில் நெடுங்காலமாக வரி செலுத்திவரும் குடும்பஸ்தர் ஏற்க வேண்டும். அவராலும் இயலாவிட்டால் அவ்வேலை நடைபெறாமலே நின்றுவிடும். சென்னையின் தென்பகுதிக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது கதியே. பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் வானளாவிய மாளிகைகள் முதலில் எழுந்தன. குழாயும் சாக்கடையும் பின்னால் நொண்டி நொண்டி வந்தன. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வீடு வாங்கியவர்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோ மீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, இக்குறைகளும் சேர்ந்தே மாநகரத்தின் தலையில் ஏறின. வெள்ளத்தைத் தாங்கி நின்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதன் பலனை 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜனங்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே கண்டனர்.

வளர்ச்சியால் நிலத்துக்கு ஏறும் மதிப்பில் ஒரு பங்கு பொதுவுக்குச் சேர வேண்டுமென்பது புதிய தத்துவமன்று. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகர அமைப்புச் சட்டமே இதனை ஒப்புக்கொண்டது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வளர்ச்சிக் கட்டணத்திற்கு இடம் தந்தது. பின்னர் 2007-ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் 2008-ஆம் ஆண்டின் விதிகளாலும், மாடிக் கட்டடங்கள், வியாபார ஸ்தலங்கள், தொழிற்சாலைகள் முதலியவற்றின் மீது உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் ஏற்பட்டது. ஆகவே சட்டத்திற்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

முதற்குறை, திருத்துவதில் உள்ள அசிரத்தை. சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று விதித்துவிட்டுச் சும்மா இருந்தால், கட்டணம் நின்ற இடத்தில் நிற்கும். இரும்பும் சிமிட்டியும் கூலியும் நிற்பதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் விலை ஏறுவதாகக் கொண்டால், அன்று நூறு ரூபாய்க்கு முடிந்த வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாதியே அதே நூறு ரூபாயில் முடியும். யாரும் உத்தரவிடாமலே கட்டணம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் விழித்துக்கொண்டு ஒரேயடியாக உயர்த்துவது, உறங்கியவன் பிழைக்கு வந்தவனைத் தண்டிப்பதாகும். சொத்து வரி விஷயத்தில் சென்னைவாசிகள் இதனை அனுபவித்தே அறிவர். 1998-க்குப் பின் இருபத்துநான்கு ஆண்டுகள் பொதுத் திருத்தம் நிலைபெறவில்லை. 2018-ல் செய்த உயர்வும் மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. முடிவில் 2022-ல் சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு நூற்றுக்கு 50-ம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150-ம் உயர்ந்தன. சிறு வீட்டிற்குச் சலுகை காட்டியது நியாயமே. ஆயினும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்திருந்தால் இத்தனை கசப்பு விளைந்திராது.

கட்டட முதலாளிகளின் ஆட்சேபத்தை நாம் முற்றும் தள்ளிவிடவில்லை. நிலத்தை வாங்கி, வேலையைத் தொடங்கி, வீடுகளை விலை பேசிய பிறகு திடீரெனக் கட்டணம் ஏறினால், அப்பாரம் வாங்குபவர் தலையில் விழுவது இயல்பு. ஆனால் வரப்போகும் உயர்வு முன்கூட்டியே தெரிந்திருந்தால், கட்டுபவர் அதைக் கணக்கிட்டே நிலத்துக்கு விலை கொடுப்பார்; பாரத்தில் பெரும்பங்கு, கையைக் காலை அசைக்காமல் லாபம் பெறும் நிலச் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும். ஆதலால் ஏழையின் பெயரைச் சொல்லிக் கட்டணத்தையே எதிர்ப்பவர்கள், உண்மையில் யாருக்காக வாதாடுகிறார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். குழாயில்லாத மலிவான வீடு ஏழைக்கு மலிவன்று.

இரண்டாவது குறையே பெரிது. கட்டடங்களால் விளையும் தொல்லையை ஏற்பது நகரம். அடிப்படை வசதிக் கட்டணம் போய்ச் சேருவதோ மாநில நிதி. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தபோது, பன்னிரண்டாவது அட்டவணையில் நகர சபைகளுக்குரிய 18 விஷயங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டது நகர அமைப்பு. அட்டவணையில் முதலிடம், அதிகாரத்தில் கடையிடம்! சென்னைப் பெருநகரில் திட்டமிடும் அதிகாரம் சர்க்கார் அமைத்த குழுமத்திடமே இருந்து வருகிறது. 1973 முதல் 1996 வரையிலும், மீண்டும் 2016 முதல் 2022 வரையிலும், மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத வீட்டில் கணக்கு எப்படி ஒழுங்காயிருக்கும்?

கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1997 முதல் இதற்கெனத் தனிச் சட்டம் உள்ளது. எந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்று நகர சபை முதலில் ஆராய்ந்து, அறிக்கையை ஜனங்கள் முன் வைத்த பிறகே கட்டணம் விதிக்கலாம். வசூலான தொகையைத் தனி நிதியில் வைத்து, அதற்குரிய வேலைக்கே செலவிட்டு, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அங்கும் சச்சரவு இல்லாமலில்லை. வீடுகள் பெருக வேண்டுமென்று கூறி, புதிய கட்டணங்களைப் படிப்படியாகவே வசூலிக்க வேண்டுமென 2022-ல் மாகாண சர்க்கார் கட்டாயப்படுத்திற்று. செலவுக்கு வழியென்ன என்று நகர சபைகள் முறையிட்டன. 2024-ல் அந்த ஏற்பாடு ரத்தாயிற்று. கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் தவறும் விரைவில் திருந்தும் என்பதே இதனால் நாம் அறிவது.

நமது கோரிக்கை தெளிவானது. கட்டணத்தை ஆண்டுதோறும் வேலைச் செலவின் ஏற்றத்தோடு இணைத்து, முன்னறிவிப்புடன் திருத்துக. சிறு வீடு கட்டுவோருக்குப் பாரத்தைக் குறைத்து, பெரு மாளிகைகளுக்குக் கூட்டுக. எவ்வட்டாரத்தில் வசூலாகிறதோ, அதில் பெரும்பங்கை அவ்வட்டாரத்திலேயே செலவிட்டு, வார்டு வாரியாகக் கணக்கை வெளியிடுக. நிதியின் சாவியை ஜனங்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் ஒப்புவியுங்கள். இந்த நான்கும் இல்லாமல் தொகையை மட்டும் உயர்த்துவது, ஓட்டைக் குடத்தில் அதிக நீர் வார்ப்பதேயாகும்.

1939-ல் சென்னை மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி, நகரின் தாகம் தீரப் பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டுமெனப் பாடுபட்டார். 1944-ல் அது நிறைவேறியது. அதைக் காண அவர் உயிரோடில்லை. தாம் குடிக்காத தண்ணீருக்காக அவர் உழைத்தார். நாளை வருவோருக்கு இன்றே வழி செய்வதுதான் நகர பரிபாலனம். அத்தகைய மன்றங்களையும் அவற்றுக்குரிய அதிகாரத்தையும் கேட்டுப் பெறுவது நமது கடமை.