பக்கிக்கு எத்தனை சக்கரம்?

நெய்வேலியில் எந்த வட்டத்திலாவது நின்று ஒருவரைப் ‘பக்கி’ என்று கூப்பிட்டால் குதிரை வராது, சண்டை வரும். கஞ்சனுக்கும் சோற்றுக்குப் பறப்பவனுக்கும் தமிழ் வைத்திருக்கும் வசவு அது. அதே சொல் ஒரு பறவைக்கும் பெயர். அந்தி சாய்ந்ததும் தரையிலிருந்து கிளம்பி, அகல வாய் திறந்து அந்துப்பூச்சி பிடிக்கும் இராப்பறவை.

ஆங்கிலப் பக்கி வேறு. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தியாவில் அது கூண்டு வைத்த இரட்டைச் சக்கர வண்டி என்கிறது; அமெரிக்காவில் அதற்கு நான்கு சக்கரம். சொல்லின் பிறப்பு ஆங்கில அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. வடக்கே அது ‘பக்கீ’ என்று நிலைத்தது. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடியவை ஜட்காவும் சாரட்டும் ரேக்ளாவும். வசவில் ஏறி ஊர்வலம் போக யாருக்கு மனம் வரும்?

1947-இல் வைஸ்ராயின் பக்கி இந்தியாவுக்கா பாகிஸ்தானுக்கா என்ற வழக்கை நாணயம் சுண்டித் தீர்த்ததாகச் சொல்வார்கள். 2024 குடியரசு நாளில் திரௌபதி முர்முவும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் வந்தது குடியரசுத் தலைவரின் பக்கியில்தான். இன்னொரு பக்கியின் கதையும் அதே 1947-இல்தான்: செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள். இயந்திரக் கோளாறை ‘பக்’, அதாவது பூச்சி, என்பது எடிசன் 1878-லேயே எழுதிய வழக்கு. ஹார்வர்டில் நிஜப் பூச்சியே கிடைத்ததுதான் வேடிக்கை. கோளாறு மலிந்த மென்பொருளையும் ஆங்கிலம் ‘பக்கி’ என்கிறது. எழுத்து ஒன்று, வேர் வேறு.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் கரி சுமக்கும் வண்டியும் பக்கி. நெய்வேலிக்கு அது தேவைப்படவில்லை. 1957-இல் நேரு தொடங்கிவைத்த இந்த ஊர்த் திறந்தவெளிச் சுரங்கத்தில் சக்கரத்தின் முதல் வேலை தோண்டுவது: ராட்சதச் சக்கரத்தில் கோத்த வாளிகள் மண்ணை வெட்டும், பெல்ட் கொண்டுபோகும்.

அந்தப் பெல்ட்டைப் பெல்ட் என்றே வைத்துக்கொண்ட ஊர், குடியிருப்பின் ‘பிளாக்’கை மட்டும் வட்டமாக்கியது. ஆங்கிலப் பக்கியைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த நிதானம் வேண்டும். 1971-இல் அப்பல்லோ 15 நிலவில் ஓட்டிய பக்கியை நிலா வண்டி எனலாம். ரயில் நிலையத்தில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பக்கி ஏற்கெனவே பேட்டரி கார். மென்பொருளுக்குப் பிழை என்ற சொல் இருக்கிறது. மூன்றையும் ஒரே பக்கியில் ஏற்ற வேண்டியதில்லை.

அகராதி தொகுப்பவர்கள் பறவைக்கே முதலிடம் தரட்டும். ஹார்வர்டு பூச்சியைப் பிடித்திருக்கக்கூடிய ஒரே பக்கி அதுதான்.