கொட்டாத குளவிக்கும் வேலை கொடுங்கள்

குளவி என்ற சொல்லைக் கேட்டாலே மலையில் நிற்கும் நம் பெண்களுக்கு நெஞ்சு பதறும். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்களும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்களும், வீடு திரும்பாதவர்களும் நம்மில் உண்டு. அதற்கான நட்டஈட்டுக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. இம்முறை எழுதுவது வேறொரு குளவியைப் பற்றி. கொசுவைப் போலச் சிறியது, மனிதரைக் கொட்டாது.

தேயிலையில் இலைச்சுருட்டிப் புழுவை அறியாதவர் இல்லை. இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும். முன்பு அதன் முட்டைகளைத் தேடிப் பொறுக்க ஆட்களைத்தான் போட்டார்கள். 1935-36இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து மலையகத்தில் பரவவிட்டது. இந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அந்த ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து, ஒரே புழுவிலிருந்து பல குளவிகள் வெளியே வரும். புழு சாகும். சில ஆண்டுகளில் இலைச்சுருட்டியின் கொட்டம் அடங்கியது. சம்பளம் கேட்காத தொழிலாளி என்று துரைமாருக்கு அப்போதே பிடித்திருக்கும்!

கெடுத்தது மனிதரே. 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தார்கள். வண்டோடு குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டி மறுபடி பெருகியது. கடைசியில் அந்த மருந்தையே கைவிட வேண்டியதாயிற்று. அதுவரை பம்பை முதுகில் சுமந்து, அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் யார்? கணக்கில் அது ஏறவில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. 2008இல் மேல் மாகாணத்தில் பப்பாசி மரங்களை வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சியை அடக்கவும், அடுத்த ஆண்டே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்தார்கள்.

அதற்காக மருந்து எல்லாவற்றையும் நாளைக்கே நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. 2021இல் உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் தடை செய்தபோது கொழுந்து குறைந்தது. நம் வருமானமும் குறைந்தது. குளவி வளர்ப்பு அப்படி உத்தரவில் நடக்கிற காரியமல்ல. முதலில் புழுவை வளர்க்க வேண்டும், அதற்கு இலை போட வேண்டும், கூண்டில் குளவியை விட வேண்டும், வெளிவருவதை எண்ணி உரிய நேரத்தில் மலைக்கு அனுப்ப வேண்டும். கைநேர்த்தியும் பொறுமையும் தேவை.

வெள்ளவத்தைக் கடைகளில் காலை முதல் இரவு வரை கால்கடுக்க நிற்கும் நம் பிள்ளைகளில் உயர்தரம் படித்தவர்கள் பலர். இந்த வேலையைச் செய்ய அவர்களால் முடியாதா? கம்பனிகள் வளர்ப்புக் கூடங்களை மலையகத்திலேயே அமைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் தர வேண்டும். ஒவ்வொரு மருந்தடிப்புக்கும் முன்னர் மருந்தின் பெயரையும், எத்தனை நாள் அந்த மலைக்குள் போகக்கூடாது என்பதையும் பிரட்டில் தமிழில் வாசிக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இவ்விரண்டையும் மேசையில் வைப்போம்.

அதற்கு ஆதாரம் வேண்டும், தோழர்களே. உங்கள் தோட்டத்தில் இப்போது அடிக்கும் மருந்தின் பெயர், அடித்த திகதி, அடித்தவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா என்ற விபரம் – இவற்றைத் தோட்டத் தலைவர் மூலம் கொட்டாஞ்சேனைக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள். வெற்றுப் போத்தலைக் கையால் எடுக்க வேண்டாம். லேபலைப் படம் பிடித்தால் போதும்.