தொடங்கியது வேறு, முடிந்தது வேறு

1971ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய 3270 முனையங்கள் அலுவலக மேசைகளிலிருந்து அகன்று வெகுகாலமாகிவிட்டது. ஆயினும், 24 வரிகளும் 80 எழுத்து அகலமும் கொண்ட அந்தத் திரை மறையவில்லை. வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பெருங்கணினிகள் இன்னமும் கடமையில் இருப்பதால், டெர்மினல் எமுலேட்டர் என்ற மென்பொருளாக அது மேசைக்கணினிக்குள் குடியேறியிருக்கிறது. அத்திரையில் உத்தியோகத்தர் ஒருவர் நாள்தோறும் செய்யும் வேலையைக் கட்டளைகளாக எழுதிவைத்தால் அது மேக்ரோ. அதனை அதிகாலை 2 மணிக்கு இயக்குமாறு விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரிடம் ஒப்படைத்துவிட்டால், ஆளில்லாமலே வேலை நடக்கும் என்பது நம்பிக்கை.

நடந்ததா என்பதே என் கேள்வி.

டாஸ்க் ஷெடியூலர் மணியடிக்கும் காவலாளி போன்றது. உரிய நேரத்தில் மென்பொருளைத் தொடக்கிவிடும். அது எந்த எண்ணுடன் முடிவுற்றது என்பதைக் குறித்துவைக்கும். கடவுச்சொல் காலாவதியாகி மேக்ரோ வாசலிலேயே திரும்பிவிட்டாலும், அது பிழை எண் எதையும் கொடுக்காதவிடத்து, பதிவில் பூச்சியம் என்றே விழும். பூச்சியம் என்றால் அங்கே வெற்றி என்று பொருள்!

டெரா டேர்ம் என்ற எமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட சொல் திரையில் தோன்றும்வரை காத்திருக்குமாறு அதன் மேக்ரோவுக்குக் கட்டளையிடலாம். காத்திருப்புக்கு வரம்பு விதிக்காவிட்டால் அது முடிவின்றிக் காத்திருக்கும். பெருங்கணினியில் யாரோ ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஷெடியூலரின் வழமையான ஏற்பாட்டின்படி, முன்னைய வேலை முடியாதிருந்தால் புதியது தொடங்காது. முடங்கிய வேலை நிறுத்தப்படுவதோ 3 நாட்கள் கடந்த பின்னர்தான். அதுவரை அடுத்தடுத்த இரவுகளின் வேலை சத்தமின்றித் தவறிப்போகும்.

அச்சியந்திரம் ஓடத் தொடங்கியதைக் கண்டு, பத்திரிகை வாசகரின் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று எவரும் அறிக்கையிடுவதில்லை. கணினி விடயத்தில் மட்டும் நாம் அவ்வாறே செய்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் உத்தியோகத்தரின் கடவுச்சொல் மேக்ரோக் கோப்பிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அவர் வீட்டில் உறங்கும்போதும் பெருங்கணினியின் பதிவேட்டில் அவருடைய பெயரே விழும். தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்கப்படுபவரும் அவரே. முகாமையாளர்கள் சிந்திக்கவேண்டிய அநீதி இது.

தானியக்கம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒரே விசைகளைத் தினமும் தட்டிக்கொண்டிருப்பது மனித ஆற்றலை வீணடிப்பதாகும். ஆனால், காத்திருப்புக்கு வரம்பு வேண்டும், தோல்வியைத் தோல்வியென்றே சொல்லும் எண் வேண்டும், கடவுச்சொல் மறைத்துவைக்கப்படவேண்டும், அந்த வேலைக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாட் காலையில் வேலையின் விளைவைப் பார்க்கும் பொறுப்பு, பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவரிடம் இருக்கவேண்டும். வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது.