கடைசிக் குதிரைக்கும் ஒரு பாட்டு

பந்தயத்தில் முதலாவதாக வந்தவனைப் பாராட்டாத நாடில்லை. கடைசியாக வந்த குதிரைக்கும் பாட்டிசைத்துத் தேறுதல் கூறும் நாடொன்று உண்டு. அதுதான் மொங்கோலியா.

ஆண்டுதோறும் யூலை 11ஆம் திகதி அந்நாட்டில் தொடங்கும் பெருவிழாவுக்கு 'நாதாம்' என்று பெயர். மற்போர், வில்வித்தை, குதிரையோட்டம் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நாடி. 1921ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவோடு இணைந்து தேசிய விழாவாகிய இதனை, 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தலைநகராகிய உலான்பாத்தரில் வழக்கமாக 512 மல்லர் களமிறங்குவர். சுற்றுக்குச் சுற்றுப் பாதிப்பேர் விலக, ஒன்பதாஞ் சுற்றின் முடிவில் ஒருவரே எஞ்சுவார். எடைப்பிரிவு என்ற பேச்சே இல்லை. வென்றவன் கழுகுபோற் கைவிரித்து ஆடுவான். தோற்றவன் அவன் கையின் கீழாகக் குனிந்து செல்வான். வல்லூறு, யானை, சிங்கம் என்பன மல்லர்க்குரிய பட்டங்கள். எட்டுச் சுற்று வென்றவர்க்குரிய பட்டம் நாமறிந்த கருடனே. பௌத்தத்தோடு வடக்கே பறந்து சென்ற சொல் அது!

குதிரையோட்டமோ திறந்த புல்வெளியில் நிகழ்வது. குதிரையின் வயதுக்கேற்பத் தூரம் வகுக்கப்படும். வளர்ந்த குதிரைகள் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் ஓடும். இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டத்திற் கடைசியாக வருவதைத்தான், அடுத்த ஆண்டு முன்னிற்குமென வாழ்த்திப் பாடுகின்றனர். கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு ஆசிரியராகிய நாம் என்ன பாட்டுப் பாடுகின்றோம் என எண்ணி நாணினேன்.

ஆயினும், நேயர்களே, அக்குதிரைகளின் மேலிருப்போர் யார்? பாரம் குறைய வேண்டுமென்பதற்காக ஏற்றப்படும் சிறுவர் சிறுமியர். ஏழு வயது நிரம்பாதோர் ஏறலாகாது என்பது சட்டம். அந்த ஏழு வயதுதான் எத்துணைப் பெரிய வயது? விழுந்து காயமுற்ற பிள்ளைகளும் உளர், உயிரிழந்தோரும் உளர். இதனை எதிர்த்து அந்நாட்டிலேயே குரல்கள் எழுந்துள்ளன. குதிரையேற்றம் தம் குழந்தைகளுக்கு நடைபோல் இயல்பானது, அதனைத் தடுத்தால் மரபு அழியும் என அஞ்சுவோரும் உளர்.

அவர்தம் அச்சத்தை எள்ளுதல் தகாது. எனினும், தோற்ற குதிரையின் மனம் வாடுமே என்று இரங்கிய மரபன்றோ அது? அதன் முதுகிலிருக்கும் பிள்ளைக்காகவும் இரங்குவதால் அம்மரபு அழியாது, நிறைவே பெறும்.