உச்சியிலே கொடி! முதுகிலே மூட்டை!

எவரெஸ்ட் ஏற வரும் வெளிநாட்டார் கட்ட வேண்டிய கட்டணத்தை 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக 2025 செப்டம்பரிலே உயர்த்தியது நேபாள அரசு. உயர்த்தினால் ஆசை அடங்கிவிடுமா? அடங்காது! மலைக்கு அப்படியொரு மயக்கும் ஆற்றல்.

ஆலங்குளத்துக் கடைவீதியிலே நின்று மேற்கே நோக்கும் தோழருக்கும் அது புரியும். மேகம் தவழும் மலைத்தொடரைக் கண்டு, அந்த உச்சி எப்படியிருக்கும் என்று எண்ணாத உள்ளம் உண்டா? அந்த எண்ணம்தான் மனிதனை 8,848 மீட்டர் உயரத்துக்கு இழுக்கிறது. விருதுநகர் மாவட்டத்திலே பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23-இல் அங்கே நின்றார். பெண்ணுக்கு எல்லை அடுப்படி என்றோர் வாயடைத்தார். வாழ்த்துகிறோம்!

ஆனால், ஆபத்து? 8,000 மீட்டருக்கு மேலே உள்ள இடத்துக்கு 'மரண வெளி' என்றே பெயர். உச்சியிலே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்க்காற்று, கடலோரத்திலே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கே! மூளை வீங்கும், நுரையீரலிலே நீர் கோக்கும், விரல்கள் உறைந்து கருகும்.

இந்த ஆபத்தை அதிகம் சுமப்பவர் யார்? அதுதான் நமது கேள்வி. பணம் கட்டியவர் ஓரிரு முறை கடக்கும் பனிப்பாதையை, கயிறு கட்டவும் கூடாரம் சுமக்கவும் காற்று உருளை தூக்கவும் ஷெர்ப்பாத் தொழிலாளி பலமுறை கடக்கிறார். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனிப்பாதையிலே பனி சரிந்தது. மாண்டவர் 16 பேர். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்! குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய். உயிரின் விலை அதுதானா என்று கொதித்தெழுந்தார்கள், ஏற மறுத்தார்கள். பயணக் குழுக்கள் மூட்டை கட்டித் திரும்பின. அதன் பிறகே காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் ஆயிற்று. மலை தந்ததல்ல, மன்னர் தந்ததல்ல; ஒற்றுமை தந்தது!

இது இன்று முளைத்த பேதமுமன்று. 1953 மே 29-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் ஒரே கயிற்றிலே பிணைந்து ஒரே உச்சியை அடைந்தனர். பிரிட்டிஷ் அரசு ஹில்லாரிக்குத் தந்தது 'சர்' பட்டம். டென்சிங்குக்குத் தந்தது ஒரு பதக்கம்! கயிறு ஒன்று, கௌரவம் இரண்டு!

வீரத்தை நாம் வெறுக்கவில்லை. வேர்வையை மறைக்கும் வீரப்புகழைத்தான் வெறுக்கிறோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் தாய்மார்க்கும், மூட்டை தூக்கும் நம் தோழர்க்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. உச்சியிலே கொடி பறக்கிறது என்ற சேதி வந்தால் கை தட்டுவோம். தட்டுமுன் கேட்போம்: மூட்டை தூக்கியவர் வீடு திரும்பினாரா?